சித்திரையில் கார்ச்சோஃபீனி

நான் பலெர்மோவுக்கு வந்தது 2007 மாசியில். வந்த மூன்றாம் கிழமையே வேலை கிடைத்துவிட்டது. எண்பது வயது தாண்டிய ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சமைக்க வேண்டும், வீடு துடைக்க வேண்டும். எனக்கு இத்தாலியன் பத்துச் சொல்கூடத் தெரியாது. அவருக்குத் தமிழ் என்றொரு மொழி இருப்பதே என்னைக் கண்ட பிறகுதான் தெரியும். சிஞ்ஞோரா என்று கூப்பிடச் சொல்லித் தந்திருந்தார்கள். அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை முதல் நாளிலிருந்தே "ஃபிக்யா மீயா" என்றார். என் பிள்ளை என்று பொருள்.

சித்திரை பிறந்து பத்து நாள் போயிருக்கும். ஒரு காலை நான் போனபோது குசினி மேசையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. (எங்கள் குசினியும் அவர்களின் குச்சீனாவும் ஒரே சொல்தான் என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம். போர்த்துக்கேயர் எங்கள் கரைக்குக் கொண்டுவந்து இறக்கிய சொல் அது, வேர் லத்தீனில் இருக்கிறது.) பெட்டி நிறையக் கோழிமுட்டை அளவில் பச்சையும் ஊதாவுமாக மொட்டுக்கள். சிஞ்ஞோரா ஒரு சின்னக் கத்தியை என்னிடம் தந்து, எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கார்ச்சோஃபோவைப் பெரிதாக அதற்கு முன்பே பார்த்திருந்தேன். கனடாவில் இருக்கிற அக்கா ஆர்டிசோக் என்பாள். அது ஒரு முட்செடியின் பூமொட்டு, சூரியகாந்திக் குடும்பம். வெட்டாமல் விட்டால் ஊதாப் பூவாக விரியும். கார்ச்சோஃபீனி என்பது அதன் குட்டி. தனி இனம் இல்லை, பிஞ்சுச் செடியில் வருவதும் இல்லை. நடுத்தண்டின் உச்சியில் இருக்கும் பெரிய மொட்டை முதலில் வெட்டுவார்கள். பிறகு பக்கக் கிளைகளில் வருவதை வெட்டுவார்கள். பருவம் முடிகிற நேரம், சித்திரை வைகாசியில், செடி கடைசியாகக் கீழ்க் கிளைகளில் சின்னச் சின்னதாக விடுகிற மொட்டுக்கள்தான் இவை. பெரிய மொட்டின் நடுவில் தொண்டையில் சிக்குகிற மாதிரிப் பஞ்சு இருக்கும். குட்டியில் அது இன்னும் உருவாகியிருக்காது. அதனால் முழுதாகச் சாப்பிடலாம். வினாகிரியில் அவித்து எண்ணெய் விட்டுப் போத்தலில் போட இதைவிட நல்லது இல்லை.

சரி, உரிப்பதற்கு வருகிறேன். வெளி இதழ்களை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி மடித்துப் பிய்க்க வேண்டும். நான் நாலைந்து இதழ் பிய்த்துவிட்டு நிறுத்தினேன். உள்ளே இருந்தது நல்ல பச்சை, வாடலே இல்லை. சிஞ்ஞோரா எட்டிப் பார்த்தார். "ஆங்கோரா" என்றார். இன்னும். இன்னும் மூன்று இதழ் எடுத்தேன். "ஆங்கோரா, ஃபிக்யா மீயா, ஆங்கோரா." எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டுச் சாமானைக் குப்பையில் போடுகிற வீட்டில் நான் வளரவில்லை. இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் மரவள்ளிக்கிழங்கின் தோலைக்கூட அம்மா ஆட்டுக்கென்று எடுத்து வைப்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பாதி உரித்ததை எல்லாம் மற்றதோடு சேர்த்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் போத்தலைத் திறந்தபோது என் வேலை தெரிந்தது. சிஞ்ஞோராவின் மொட்டு பல்லுப் பட்டவுடன் குழைந்தது. என்னுடையதை மென்று மென்று நாரைத் துப்ப வேண்டியிருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாரைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். அவருடைய மகன் வந்திருந்த ஞாயிறு அது. வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு.

ஆனால் அந்த முதல் நாளில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. பத்து மொட்டு உரிப்பதற்குள் என் விரல்கள் கறுத்துவிட்டன. நகக்கண்ணில் கறை. வெட்டி வைத்த மொட்டும் ஓரமெல்லாம் பழுப்பாக மாறத் தொடங்கியது. நான் யோசிக்கவே இல்லை. எழுந்து போய் ஒரு சட்டியில் தண்ணீர் எடுத்து, கூடையிலிருந்த தேசிக்காய் ஒன்றை வெட்டிப் பிழிந்து, உரித்ததை எல்லாம் அதற்குள் போட்டேன். மிச்சத் தோலால் விரல்களைத் தேய்த்தேன். சிஞ்ஞோரா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதைத்தான் அவர் எனக்குச் சொல்லித் தர இருந்திருக்கிறார், சொல் கிடைக்காமல் யோசித்துக்கொண்டு. வாழைப்பொத்தி அரிந்த கைக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரியம்மா மோரில் போடுவார், புளித்தண்ணீரிலும் போடுவார். அடுக்கடுக்காக மடலைக் கழற்றுவதும், உள்ளே போகப்போக நிறம் வெளிறுவதும், பிசினும், கறையும், எல்லாம் எனக்குத் தெரிந்ததே. காற்றுப் பட்டால் கறுக்கும், புளிப்புப் பட்டால் நிற்கும். இந்த நாட்டில் என் கை கேட்காமலே சரியாகச் செய்த முதல் வேலை அது.

வாயில் போட்ட பிறகு இன்னொரு ஒற்றுமையும் தெரிந்தது. கார்ச்சோஃபோ சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கும். எங்கள் பள்ளிக்கூடத்து நெல்லிக்காய் மாதிரியே.

பலெர்மோவில் இருந்துகொண்டு இந்தக் காயைத் தெரியாமல் வாழ முடியாது. ஐப்பசி கார்த்திகையிலேயே வந்துவிடும். லாப்பா என்கிறார்கள், எங்கள் ஊர் ஓட்டோவுக்கு அண்ணன் மாதிரி ஒரு மூன்று சில்லு வண்டி. அதன் பின்பெட்டியில் தண்டும் இலையுமாகக் கட்டுக் கட்டாக அடுக்கித் தெருமுனையில் நிறுத்தி வைப்பார்கள். பல்லாரோ சந்தையில் முழுதாக அவித்து ஆவி பறக்க விற்பார்கள். பாஸ்குவெத்தா, அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கள், ஊர் முழுக்கத் தணல் மூட்டி, நடுவில் உள்ளியும் உப்பும் எண்ணெயும் விட்டுச் சுடுவார்கள். எங்கள் ஆட்கள் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிட நடந்து ஏறுகிறவர்கள். சைவக்காரரும் ஏறுவார்கள், நானும் ஏறுவேன். அந்தத் திங்கள் மலையடிவாரத்தில் நின்றால் ஃபவோரீத்தா தோட்டத்தின் புகை மூக்கில் ஏறும். கிழக்கே கொஞ்சத் தூரத்தில் செர்தா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே சித்திரை 25ஆம் திகதி, ஏப்ரல் 25ஐத்தான் சொல்கிறேன், இதற்கென்றே திருவிழா. ஊர் நடுவில் கார்ச்சோஃபோவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஒருமுறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனோம். கார்ச்சோஃபோ விதவிதமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாம் வருடம் என் வீட்டிலேயே போட்டேன். உரிப்பதில் இப்போது பிழை இல்லை, வெளிர்மஞ்சள் நிறம் வரும்வரை பிய்த்தேன். அவித்தேன். ஆனால் வினாகிரியைச் சேர்க்கவில்லை. வினாகிரி மணம் என் கணவருக்குப் பிடிக்காது. எண்ணெய் இருக்கிறதே, எண்ணெய்தானே காக்கும் என்று நினைத்தேன். பச்சை உள்ளி நசுக்கிப் போட்டேன், பச்சை மிளகாய், பல்கனிச் சட்டியில் வளர்த்த கறிவேப்பிலை, மேலே நல்ல ஒலிவ் எண்ணெய். ஐந்து போத்தல். பார்க்க அவ்வளவு வடிவு. இரண்டு போத்தலைச் சிஞ்ஞோராவுக்குக் கொண்டுபோனேன்.

அவர் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு வினாகிரி என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். மற்றப் போத்தல்கள் எங்கே, யாராவது தொட்டீர்களா, பிள்ளை தின்றதா என்று அடுக்கிக் கேட்டார். இல்லை, இன்னும் ஊறட்டும் என்று வைத்திருக்கிறேன் என்றேன். அன்று பின்னேரமே எல்லாவற்றையும் எறிய வைத்தார். திறக்காமல், முகராமல், நக்கிப் பார்க்காமல். அந்த எண்ணெயின் விலை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அழுதேன்.

போத்துலீனோ என்று அவர் சொன்ன சொல்லை என் மகள்தான் பிறகு விளங்கப்படுத்தினாள். மண்ணில் இருக்கிற ஒரு கிருமி. அதன் வித்து கொதிதண்ணீரில் சாகாது. காற்று இல்லாத இடத்தில்தான் முளைக்கும், முளைத்தால் நரம்பைச் செயலிழக்கச் செய்கிற நஞ்சை விடும். மணத்திலும் ருசியிலும் அது காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். எண்ணெய் செய்வது காற்றை மறிப்பது. அதாவது நான் அந்தக் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தேசிக்காய் ஊறுகாய் வருடக்கணக்கில் கெடாமல் இருப்பது புளிப்பாலும் உப்பாலும் வெயிலாலும். எண்ணெய் அங்கே துணைக்குத்தான். நான் துணையை மட்டும் எடுத்துக்கொண்டு காவல்காரனை விட்டுவிட்டேன். ரோமில் இருக்கிற தேசிய சுகாதார நிறுவனம் வீட்டில் போத்தலில் அடைக்கிற உணவுகளுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. புளிப்பு அளவு, அதாவது பிஎச், 4.6க்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது என்பதுதான் அடிப்படை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையும் அவர் முறைப்படிதான். இரண்டு கிலோ வாங்கினால் உரித்த பின் பாதிகூட மிஞ்சாது, அதை முதலே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நுனியை வெட்டி, அடியைச் சீவி, இரண்டாகப் பிளந்து தேசிக்காய்த் தண்ணீரில் போடுவேன். பிளப்பது வினாகிரி நடுவரைக்கும் போவதற்கு. ஒரு லீற்றர் வெள்ளை வைன் வினாகிரி, ஒரு லீற்றர் தண்ணீர், கைப்பிடி உப்பு. வினாகிரிப் போத்தலில் 6 சதவீதம் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். 5க்குக் கீழே வேண்டாம். கொதித்த பின் மொட்டைப் போட்டு, திரும்பக் கொதி வந்து ஏழெட்டு நிமிடம். கத்தி நுனி இறங்க வேண்டும், ஆனால் குழையக் கூடாது. உள்ளிப் பல், மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் அதே வினாகிரியில் போட்டு எடுப்பேன். எண்ணெய்க்குள் பச்சையாக எதுவும் போகக் கூடாது.

அப்புறம் வடித்து, சுத்தமான வெள்ளைத் துணியில் வெட்டுமுகம் கீழே இருக்கக் கவிழ்த்து, மேலே இன்னொரு துணி போட்டுக் காய விடுவேன். அந்த நேரம் வீடு முழுக்கப் புளிப்பு மணம், இவர் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வெளியே போய்விடுவார். ஈரம் போன பின் அவித்து எடுத்த போத்தலில் நெருக்கி அடுக்கி, மிளகும் அலோரோ இலையும் இடையில் வைத்து, எண்ணெய் விடுவேன். அலோரோ அவர்கள் போடுகிற வாசனை இலை, எங்கள் பிரியாணி இலை போல. கத்தியை ஓரமாக விட்டு மெல்ல அசைத்தால் அடியில் சிக்கிய காற்று முத்து முத்தாக மேலே வரும். அது நிற்கும்வரை அசைக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் எண்ணெய் இறங்கியிருக்கும், திரும்ப விட வேண்டும். மொட்டின் ஒரு நுனிகூட எண்ணெய்க்கு மேலே நிற்கக் கூடாது. மூடி இறுக்கி, போத்தல்களைத் துணி சுற்றிப் பெரிய பானையில் அடுக்கி, மூடிக்கு மேல் தண்ணீர் நிற்க, கொதி வந்து இருபது நிமிடம். பானையிலேயே ஆற விடுவேன். இருட்டு அலுமாரியில் ஒரு மாதம். திறந்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில், ஒரு கிழமைக்குள் முடித்துவிடுவோம். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சீறினாலோ, எறிவேன். இப்போது அழுவதில்லை.

தண்டை மட்டும் நான் எறிவதே இல்லை. பெரிய கார்ச்சோஃபோ வாங்கும்போது நீளமான தண்டோடு வரும். மேல்நாரைச் சீவினால் உள்ளே வெள்ளைக் குருத்து. துண்டாக்கிப் பருப்போடு தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினேன் என்றால் சிஞ்ஞோரா இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுவார். உறைப்புக் கூடினால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிடுவார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தச் சின்னக் கத்தியை மகன் எனக்குத் தந்துவிட்டார். தீட்டித் தீட்டி அலகு ஒல்லியாகிவிட்டது.

போன சித்திரையில் ரொறொன்ரோவிலிருந்து அக்கா வீடியோவில் வந்தாள். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த குட்டி ஆர்டிசோக் ஒரு பெட்டி கடையில் கண்டாளாம், வாங்கிவிட்டாளாம், நீ போத்தலில் போடுவியே, எப்படி என்று கேட்டாள். முதலில் வினாகிரிப் போத்தலைக் காட்டச் சொன்னேன். 5 சதவீதம். சரி, காணும் என்றேன். பிறகு போனை ஏதோ டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு உரிக்கத் தொடங்கினாள். நான் இந்தப் பக்கம் என் பெட்டியோடு இருந்தேன். நாலைந்து இதழ் பிய்த்திருப்பாள், மொட்டைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"இது காணுமோடி?"

"இல்லை அக்கா, இன்னும் உரியுங்கோ."

இன்னும் இரண்டு எடுத்தாள். திரும்பக் காட்டினாள். நிறம் இன்னும் பச்சைதான்.

"ஆங்கோரா" என்று என் வாயில் வந்துவிட்டது. என்னடி சொல்கிறாய் என்று அவள் கேட்டாள்.