அக்வா டி வலென்சியா: ஆரஞ்சும் காவாவும் சேர்ந்த விருந்து பஞ்ச் செய்து பார்த்த அனுபவம்

ஆண்டிறுதி விருந்துக்கு ஆரஞ்சும் நுரைக்கும் ஒயினும் சேர்ந்த ஒரு பஞ்ச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தபோது, ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரத்தின் பானமாகிய அக்வா டி வலென்சியாவைத் தேர்ந்தெடுத்தேன். 1959ஆம் ஆண்டில் அந்நகரில் ஒரு மதுக்கூடத்தில் பணியாற்றிய கான்ஸ்டான்டே கில் என்பவர், வழக்கமாக வந்துகொண்டிருந்த, வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் பகுதி வாடிக்கையாளர்கள் புதிதாக ஏதேனும் தருமாறு கேட்டபோது, காவா என்னும் ஸ்பெயின் நுரை ஒயின், ஆரஞ்சுச் சாறு, ஜின், வோட்கா, சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து இதைக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. ஒரு பெரிய ஜக்கில் கலந்து, அகன்ற வாயுள்ள கோப்பைகளில் ஊற்றிப் பலர் பகிர்ந்து குடிப்பதே இதன் மரபு. ஆகவே கூட்டமாக அமர்ந்து உண்ணும் நாளுக்கு இதைவிடப் பொருத்தமான பானம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் மரபு முறையிலேயே ஒரு ஜக் மட்டும் செய்து பார்த்தேன். இனிப்பும் புளிப்பும் நன்றாகவே அமைந்திருந்தன. ஆனால் ஆரஞ்சுப் பழத்தை உரிக்கும் கணத்தில் அறையெங்கும் பரவும் அந்த மணம் கோப்பையில் இல்லை. அந்த மணத்தின் பெரும்பகுதி சாற்றில் அன்று, தோலின் வெளிப்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் எண்ணெய்ப் பைகளில்தான் இருக்கிறது. பழைய காலத்தில் பஞ்ச் தயாரித்தவர்கள் சர்க்கரைக் கட்டியை எலுமிச்சைத் தோலின் மீது தேய்த்து அந்த எண்ணெயை எடுத்தார்கள். நான் தோலைச் சர்க்கரையில் ஊறவைக்கும் முறையைப் பின்பற்றினேன். நான்கு ஆரஞ்சு, இரண்டு எலுமிச்சை ஆகியவற்றின் மேல்தோலை மட்டும் பீலரால் மெல்லிய பட்டைகளாகச் சீவி, 150 கிராம் சர்க்கரையுடன் சேர்த்து மரக்கரண்டியால் நன்றாக நசுக்கி, மூடி, இரவு முழுவதும் வைத்துவிட்டேன். ஊறுகாய்க்குப் போட்ட எலுமிச்சையிலிருந்து நீரை உப்பு இழுப்பதைப் போலச் சர்க்கரை தோலிலிருந்து ஈரத்தையும் எண்ணெயையும் இழுத்துக்கொள்ள, காலையில் பாத்திரத்தின் அடியில் மணம் மிகுந்த மஞ்சள் நிறப் பாகு தேங்கியிருந்தது. மேல்தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும் என்பதால், சீவும்போது பீலரை அழுத்தாமல் பிடிப்பது இந்த வேலையில் மிக முக்கியம். மெழுகு பூசாத பழங்களாகப் பார்த்து வாங்குவதும், எதுவாயினும் வெந்நீரில் தேய்த்துக் கழுவுவதும் அவசியம்.

அடுத்து என் கவனம் சாற்றின் பக்கம் சென்றது. குளிர்காலத்தில் கடைகளில் நிறைந்திருப்பது நேவல் வகை ஆரஞ்சு. உரித்துத் தின்ன அதைப்போல் இனிய பழம் அரிது. ஆனால் அதன் சாற்றைப் பிழிந்து வைத்தால் சில மணி நேரத்தில் கசப்பு ஏறிவிடும். பழத்தில் கசப்பில்லாத ஒரு பொருளாக இருப்பது, பிழிந்த பிறகு சாற்றின் அமிலத்தோடு கலந்து, லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மெல்ல மாறுவதே இதற்குக் காரணம். காலையில் பிழிந்த சாற்றையும் அப்போதே பிழிந்த சாற்றையும் அருகருகே வைத்துச் சுவைத்தபோது வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. வலென்சியா என்றே பெயர் பெற்ற ஆரஞ்சு வகையில் இந்தக் கசப்பு குறைவு. அது கிடைக்காத பருவத்தில், விருந்தினர் வரும் நேரத்துக்குச் சற்று முன்னர் பிழிவதே சரி. புட்டியில் வரும் சாறு இந்தப் பானத்துக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நுரையைக் காப்பது தனிக் கலை. காவா என்பது ஷாம்பெயினைப் போலவே புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைக்கப்படும் ஒயின். பெரும்பாலும் ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் உருவானாலும், வலென்சியா மாகாணத்தின் ரெக்கேனா பகுதியும் காவா என்ற பெயருக்கு உரிமை பெற்றது. அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு, குளிர்ந்த நீர்மத்தில் கூடுதலாகத் தங்கும். கரையாத சர்க்கரைத் துகளோ பழச் சக்கையோ கண்டால் அதைப் பற்றிக்கொண்டு குமிழாகி வெளியேறிவிடும். எனவே சாற்றை நுண்ணிய வடிகட்டியில் இருமுறை வடித்து, தோல் பாகை அதில் முழுவதும் கரைத்து, ஜின்னும் வோட்காவும் சேர்த்து, அந்த அடிக்கலவையைக் காவா புட்டிகளோடு குளிர்பெட்டியில் நன்றாகக் குளிரவைத்தேன். ஜக்கிற்குள் பனிக்கட்டி போடுவதையும் கைவிட்டேன். உருகும் நீர் சுவையை நீர்த்துப் போகச் செய்யும். பனிக்கட்டியும் தண்ணீரும் நிரப்பிய அகன்ற பாத்திரத்தில் ஜக்கை நிறுத்தினாலே போதுமான குளிர்ச்சி கிடைக்கிறது.

விருந்துக்கு நான் எடுத்த அளவு இது: 750 மில்லி காவா மூன்று புட்டி, ஆரஞ்சுச் சாறு 1 லிட்டர், எலுமிச்சைச் சாறு 75 மில்லி, ஜின் 100 மில்லி, வோட்கா 100 மில்லி, மேலே சொன்ன தோல் பாகு. சர்க்கரை பாகிலேயே இருப்பதால், காவாவில் இனிப்பே சேர்க்காத ப்ரூட் நேச்சர் வகையை வாங்கினேன். அடிக்கலவையை மூன்று பங்காக்கி, விருந்தினர் கேட்கும் நேரத்தில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு புட்டி காவாவை, ஜக்கைச் சாய்த்துப் பிடித்து அதன் உட்சுவர் வழியாக மெதுவாக இறக்கி, கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை மேலே தூக்கிவிட்டேன். முழு அளவையும் ஒரே நேரத்தில் கலந்து வைத்திருந்தால் பின்னால் வந்தவர்களுக்கு இந்த நுரை கிடைத்திருக்காது. 150 மில்லி கோப்பையில் ஊற்றினால் 24 கோப்பை வருகிறது.

இதில் மது ஏறத்தாழ 9 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருக்கும். ஆரஞ்சுச் சுவை அதை மறைத்துவிடுவதால், இது பழரசம் அன்று என்பதை ஊற்றிக் கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மது அருந்தாதவர்களுக்கும் வண்டி ஓட்ட வேண்டியவர்களுக்கும், தோல் பாகு, ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை ஆகியவற்றோடு குளிர்ந்த சோடா சேர்த்து வேறு நிற ஜக்கில் வைத்தேன். தோலின் மணம் அதிலும் குறைவின்றி இருந்தது, அந்த ஜக்கே முதலில் காலியானது. அடுத்த முறை ஆரஞ்சுத் தோலின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கிரேப்ஃப்ரூட் தோலைச் சேர்த்துப் பாகு செய்யவும், வோட்காவை முற்றிலும் விட்டுவிட்டு ஜின்னை மட்டும் வைத்துப் பார்க்கவும் எண்ணியிருக்கிறேன்.