சைட் ரீடிங்கைத் தள்ளிப்போடும் பியானோ மாணவர்களுக்கு

லண்டன் டிரினிட்டி காலேஜின் எட்டாம் கிரேடு பியானோ நேரடித் தேர்வில் மூன்று உருப்படிகளுக்கு 66 மார்க், ஸ்கேல் போன்ற டெக்னிகல் வொர்க்குக்கு 14, முன்பு பார்க்காத நோட்டைப் பார்த்ததும் வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 10, ஆரல் (கேட்டுப் பதில் சொல்வது) அல்லது இம்ப்ரொவைசேஷனுக்கு (அங்கேயே கற்பனையாக வாசிப்பது) 10. பாஸுக்கு 60 போதும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மூன்று உருப்படிகளையே வருஷம் முழுக்க உருட்டி, சைட் ரீடிங்கைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளுவது சகஜம். தேர்வு தேறிவிடும். வயலின்காரரோடு சேம்பர் ம்யூசிக் (ஓரிருவர் சேர்ந்து வாசிக்கும் இசை) வாசிக்க உட்காரும் முதல் நாளில்தான் வினை. தப்பிய இடத்துக்கு நீங்கள் திரும்பிப் போவீர்கள். அவரோ நாலு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) தாண்டியிருப்பார்.

தினம் 15 நிமிடம் போதும். உங்கள் கிரேடுக்கு மூன்று படி கீழே உள்ள ஒரு பக்கத்தை எடுங்கள், தாளம் தட்டும் மெட்ரனோமைப் போடுங்கள், என்ன நடந்தாலும் நிற்காதீர்கள். கோர்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டின், நடுச் சுரங்களை விடலாம். பாஸ் எனும் கீழ்ச் சுரத்தையும் பாரின் முதல் அடியையும் விடக்கூடாது.

சேர்ந்து வாசிக்க முதல் உருப்படியாக மோட்சார்ட்டின் ஈ மைனர் வயலின் சொனாட்டா, கே 304 (மோட்சார்ட் படைப்புப் பட்டியலின் எண்), நல்ல தேர்வு. 1778இல் பாரிஸில் அச்சானபோது அந்தத் தொகுப்பின் தலைப்பில் பியானோதான் பிரதானம், வயலின் பக்கவாத்தியம். ஆனால் தொடக்கத்தில் இருவருக்கும் ஒரே மெட்டு, அதுவும் மெல்லிய ஒலியில். ஒளிந்துகொள்ள ஒரு கோர்டுகூடக் கிடையாது. இங்கே பியானோ முந்திவிடுவதற்குக் காரணம் உண்டு: சுத்தியல் பட்டதும் பியானோ பேசிவிடும், வில் கம்பியைப் பற்றிப் பேசக் கொஞ்சம் நேரமாகும். வில் அசைந்ததும் வாசித்தால் முந்திவிடுவீர்கள். தொடங்குபவர் ஒரு அடி நீளத்துக்கு, அந்த வேகத்திலேயே மூச்சிழுக்க வேண்டும். மற்றவர் அதே மூச்சை இழுக்க வேண்டும். முதல் இரண்டு பாரை மட்டும் இருபது தடவை தொடங்கிப் பாருங்கள். அலுப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து ஹைடனின் ஜி மேஜர் டிரியோ (பியானோ, வயலின், செல்லோ மூன்றும்), 1795. செல்லோ பெரும்பாலும் உங்கள் இடது கையோடுதான் போகும். அன்றைய பியானோவின் பாஸ் மெலிந்தது. இன்றைய கிராண்டில் அதே சுரங்கள் செல்லோவை விழுங்கிவிடும். மூடியை இறக்குவது குறுக்கு வழி, ஒலி மங்குவதுதான் மிச்சம். இடது கையும் செல்லோவும் மட்டும், பெடல் இல்லாமல், எட்டெட்டு பாராக வாசியுங்கள். வாசிக்கும்போது கண் உங்கள் வரிகளுக்கு மேலே அச்சாகியிருக்கும் வயலின், செல்லோ வரிகளுக்கும் போய்வர வேண்டும். அதற்குக் கண்ணைப் பழக்குவதும் அந்தப் பத்து மார்க் பயிற்சிதான்.

இனி சென்னைக்கே உரிய தொல்லைகள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பி கீ ஒட்டும், சுருதி ஏறும். ஏசியை ஒரு நாள் போட்டு மறுநாள் நிறுத்துவது, போடாமலே இருப்பதைவிட மோசம். வெயிலிலிருந்து ஏசி அறைக்குள் வரும் வயலினும் நிலைகொள்ளாது. அரை மணி முன்னதாக வரச் சொல்லி, பிறகு சுருதி சேர்க்கப் பியானோவில் ஏ சுரத்தைக் கொடுங்கள். கர்நாடக வயலினிலிருந்து வந்தவரிடம் ஆறு கட்டை என்றால் புரிந்துவிடும். பியானோவை அங்கேயே திருத்த முடியாது, அவர்தான் சேர வேண்டும்.

ஃபேன் காற்றில் பக்கம் பறக்கும். துணி கிளிப் நாலு பையில் இருக்கட்டும்.