ஆறுமுனை நட்சத்திரம்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு விருதுநகரிலிருந்து சித்தி போன். அவள் மகள் ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப். பி.காம். வேண்டாமாம், சைக்காலஜிதான் வேண்டுமாம். "அதைப் படிச்சா கிறுக்குப் பிடிச்சவங்க கூடவே கெடக்கணுமாமே, நாளைக்கு எவன்டி வந்து கட்டுவான்?" என்றாள். கல்யாணப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. போனை அவளிடம் கொடுங்கள் என்றேன்.

"அக்கா, பி.ஏ.வா, பி.எஸ்சி.யா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலும் பி.எஸ்சி.தான். வடக்கே பி.ஏ. அதிகம். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். நிறையக் கல்லூரிகளில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் சேரலாம், பயாலஜி இல்லையே என்று பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது புள்ளியியலுக்கு. மனிதர்களோடு பேசிப் பழகும் படிப்பு என்று நினைத்து வந்த எங்கள் வகுப்பில் பாதிப்பேர் திட்டவிலக்கக் கணக்கைப் பார்த்ததும் வாடிப்போனார்கள். நானும்தான்.

ஆனால் பிராக்டிகல் வகுப்பு வேறு உலகம். ஆறு முனை நட்சத்திரம் ஒன்று, அதற்கு முன்னால் ஒரு கண்ணாடி. கையை நேராகப் பார்க்க முடியாதபடி தடுப்பு வைத்திருப்பார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக் கோட்டை விட்டு விலகாமல் வரைய வேண்டும். கை மேலே போக நினைத்தால் பென்சில் கீழே வரும். முனை திரும்பும் இடத்தில் அப்படியே உறைந்துபோவோம். இதில் வேடிக்கை என்னவென்றால், வலது கையால் பத்துத் தடவை பழகிய பிறகு இடது கையால் வரைந்தால், பழகாத இடது கையும் முன்பைவிடச் சீக்கிரம் முடித்துவிடும். ஹாஸ்டலில் என் அறைத்தோழிதான் எனக்கு நிரந்தர சோதனை எலி. ரெக்கார்டு நோட்டில் அவள் பெயர் மட்டும் இருக்காது, 'சப்ஜெக்ட்' என்று இருக்கும். அவளுக்கு அதில் இன்றும் கோபம்.

அப்புறம் எம்.எஸ்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943லிருந்து இருக்கிறது, கோவை பாரதியாரிலும் உண்டு. கவுன்சலிங் பக்கம் போனால் பள்ளிக்கூடம், நிறுவன உளவியல் என்றால் எச்.ஆர். வேலை. நான் படித்தது பொதுவான எம்.எஸ்சி. அதை வைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனைக்கு இன்டர்வியூ போனேன். "ஆர்.சி.ஐ. நம்பர் சொல்லுங்க" என்றார்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தால் கிடைக்கும் எண். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது! ஐந்து வருடம் படித்ததில் யாரும் சொல்லவில்லை. இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். இப்போது மதுரையில் ஒரு பள்ளியில் கவுன்சலர்.

அதனால் அவளிடம் இதை மட்டும் இரண்டு முறை சொன்னேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட எம்.எஸ்சி. போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் படித்துப் பதிவு வாங்க வேண்டும். இத்தனை நாள் அது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மாதிரி இடங்களில் நடந்த இரண்டு வருட எம்.ஃபில். அந்தச் சேர்க்கை 2025-26 கல்வியாண்டு வரைதான் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லிவிட்டது. கவுன்சிலே நான்கு வருட பி.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி கொண்டுவந்திருக்கிறது. அதில் சேர்வதானால் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டு. கல்லூரி ஆபீஸில் கேட்காதே, எல்லோரும் 'இருக்கு' என்றுதான் சொல்வார்கள். தொலைதூரக் கல்வியில் முடித்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே உளவியலைத் தபாலிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, அந்த நட்சத்திரத்தை வீட்டுல வரைஞ்சு பாக்கலாமா?" என்றாள்.

பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் படம் வந்தது. குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. அவளுடைய நட்சத்திரம் மிதிபட்ட சிலந்தி. பக்கத்தில் இன்னொன்று, கோணலாக இருந்தாலும் ஆறு முனையும் தெரிந்தது. 'அம்மா வரைஞ்சது' என்று கீழே எழுதியிருந்தாள்.