கடைசி வாரம் கிடைக்காத தொடர்கதையும் ஒரு மாதப் பேய்க்காதலும்

ரங்கூனுக்குப் போனவன் திரும்பி வந்தானா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. இந்த மாதம் முழுக்கக் காதல் கதை, அமானுஷ்யக் கதை, இரண்டும் கலந்தது என்று இந்த வகை மட்டும்தான் என முடிவெடுத்து உட்கார்ந்தால், படித்ததிலேயே அருமையான தொடர்கதைக்குக் கடைசி வாரம் இல்லை. கோவை உக்கடத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய பைண்டு வால்யூம் அது. யாரோ ஒரு புண்ணியவதி வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டுத் தைத்து வைத்திருக்கிறார். கடைசித் தாளின் அடியில் 'அடுத்த இதழில் முடியும்' என்று இருக்கிறது. அதற்கப்புறம் பைண்டர் ஒட்டிய வெள்ளைத்தாள்.

கதைப் பெயரையும் எழுதியவர் பெயரையும் இங்கே போடப் போவதில்லை. போட்டால் யாராவது முடிவைச் சொல்லித் தொலைப்பீர்கள். நானே தேடிப் பிடித்துப் படித்தால்தான் மனசு ஆறும்.

சுருக்கம் மட்டும் சொல்கிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீடு, புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ராத்திரியில் தானாக ஆடும் ஊஞ்சல். ஆட்டுவது செத்துப்போன ஒரு ஆச்சி. அவள் புருஷன் லேவாதேவிக்கென்று மூன்று வருஷக் கணக்கில் பர்மா போனவன், திரும்பவில்லை. புதுப்பெண்ணுக்கும் ஆச்சிக்கும் மெதுவாகப் பழக்கம் உண்டாகிறது. உயிரோடிருக்கும் கணவன்தான் அந்த ரங்கூன்காரனின் மறுபிறவியோ என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு, ஊஞ்சல் சங்கிலியில் ஒன்று அறுகிற இடத்தில் தொடரும் போட்டுவிட்டார்கள்.

இந்த வால்யூமைப் படித்து முடிக்கவே தனி வித்தை வேண்டியிருந்தது. பைண்டு புத்தகம் படிக்கிறவர்களுக்கு நடுப்பக்கத் தொல்லை தெரிந்திருக்கும். கிழித்த தாள்களில் மடிப்பு கிடையாது, தனித்தனி ஒற்றைத் தாள். அதனால் பைண்டர் பக்கவாட்டில் துளை போட்டு இறுக்கித் தைத்துவிடுகிறார். உள் ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று எழுத்து தையலுக்குள் போய்விடும். போதாக்குறைக்கு வெளி ஓரத்தைச் சமமாக வெட்டுகிறேன் பேர்வழி என்று அந்தப் பக்கமும் ஒரு எழுத்தைத் தின்றிருக்கிறார். 'அவள் மெல்லத் திரும்பி' என்று இருக்கிறது, திரும்பி என்ன செய்தாள் என்பது நூலுக்கு அடியில்.

புத்தகத்தை அகட்டிப் பிடித்தால் முதுகு உடையும், பழைய நியூஸ்பிரிண்ட் அப்பளமாக நொறுங்கும். கிளிப் போட்டால் தாளில் தழும்பு விழுகிறது. ஸ்கேலை உள்ளே விட்டு நெம்பினால் தையல் நூல் தளர்கிறது. எனக்கு ஒத்துவந்தது இதுதான்: புத்தகத்தைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் திறக்காமல், எதிர்ப்பக்கத்தைத் தலையணையில் சாய்த்துவைத்து, மொபைல் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தாளின் மட்டத்துக்கே இறக்கிச் சாய்வாக அடிக்க வேண்டும். ஓரம் வளைகிற இடத்தில் எழுத்து கறுப்பாகத் தனித்துத் தெரிகிறது. அப்படியும் தெரியாத எழுத்தை ஊகிக்க வேண்டியதுதான். ஊகத்தில் சில நேரம் கதையே மாறிவிடும். ஒரு இடத்தில் ஆச்சி 'சிரித்தாள்' என்று இரண்டு அத்தியாயம் நம்பிக்கொண்டிருந்தேன், டார்ச் அடித்துப் பார்த்தால் 'சரித்தாள்', தண்ணீர்க் குடத்தை. பேய்க்கதையில் இது சின்ன விஷயமில்லை.

பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ராமபாணம் போட்ட துளை இருபது தாள் தாண்டிப் போயிருக்கிறது. பைண்டர் பசையில் மயில்துத்தம் கலக்கவில்லை போல. வெயிலில் காட்டினால் தாள் இன்னும் பழுப்பாகும் என்பதால் நிழலில் விரித்து, தூசி தட்டி, வசம்புத் துண்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தேன். தும்மல் மட்டும் நிற்கவில்லை.

ஆனால் இந்த வால்யூம்களின் ருசியே தனி. கதைத் தாளின் மறுபக்கத்தில் பாதி ஜோக்கும், கூந்தல் தைல விளம்பரமும், யாருக்கோ வந்த ராசிபலனும் இருக்கும். ஆச்சி முதன்முதலாக முகம் காட்டுகிற பக்கத்தில் ஒரு ஆள் பென்சிலில் 'இதுக்கு மேல ராத்திரி படிக்காதீங்க, தூக்கம் வராது' என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில்: 'வந்துச்சு.'

சரி, மற்றவை. முடிவு கிடைக்காத கடுப்பில், இந்த வகைக் கதைகள் பொதுவாக எப்படி முடிகின்றன என்று பார்த்தாவது ஊகிக்கலாம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அந்தக் கண்ணோடு படித்தேன்.

மாத நாவல்கள்தான் முதலில். 1969இல் ராணிமுத்து வந்த காலத்திலிருந்து இந்த மெல்லிய நாவல்கள் பஸ் ஸ்டாண்டுகளில் தொங்குகின்றன. வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது. அதில் பேயும் காதலும் சேர்ந்து வருபவற்றைப் பொறுக்கினேன். முக்கால்வாசியில் ஒரே வியாதி. முக்கால் புத்தகம் வரைக்கும் கொலுசுச் சத்தம், மல்லிகை வாசனை, தானாகத் திறக்கும் ஜன்னல். பக்கம் தீரப் போகிறது என்றதும் ஜீப்பில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கி, சொத்துக்காகச் சித்தப்பா டேப் ரிக்கார்டரில் கொலுசுச் சத்தத்தைப் போட்டார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அந்தச் சித்தப்பாக்கள் மேல் எனக்குக் கொலைவெறி. ஹீரோவும் ஹீரோயினும் கைகோத்துக்கொண்டு சூரிய உதயம் பார்க்கிறார்கள், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏனென்றால் அவ்வளவு நேரம் நான் கவலைப்பட்டது கொலுசுக்காரிக்காக. அவள் இல்லவே இல்லை என்றால் நான் யாருக்காகப் படித்தேன்?

ஆன்லைன் கதைகளில் இந்த இன்ஸ்பெக்டர் தொல்லை கிடையாது, பேய் பேயாகவே இருக்கிறது. அங்கே தொல்லை வேறு. முதல் எபியிலேயே, அதாவது எபிசோடிலேயே, கட்டாயத் தாலி, ஆன்டி ஹீரோ, உறுமல். பேய் எப்போது வரும் என்று காத்திருந்தால் அது ஹீரோயினைக் காப்பாற்றவும் மாமியாரை மிரட்டவும் மட்டும் வருகிறது, கிட்டத்தட்ட வேலைக்காரி மாதிரி நடத்துகிறார்கள். ஒரு கதையில் மறுஜென்ம ஃபிளாஷ்பேக் ஆரம்பித்த இடத்தில் யூடி, அதாவது அடுத்த பகுதி போடுவது, நின்றுபோய் மாதக்கணக்காகிறது. கீழே வாசகிகள் 'எபி எப்போ சிஸ்' என்று கதறிக்கொண்டிருக்கிறார்கள், நானும் ஒரு கதறல் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டையும் படித்துச் சலித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நம் பக்கத்துப் பேய்க்கதையில் காதல் என்பது பேயிடம்தான் இருக்கிறது. கைவிடப்பட்டவள், காத்திருப்பவள், கொல்லப்பட்டவள் அவள். உயிரோடிருக்கும் ஜோடி சும்மா சாட்சிக்கு நிற்கிறவர்கள். அதை மறந்து ஜோடிக்கு டூயட் வைத்து, பேயை மேடை அலங்காரமாக நிறுத்திவைத்த கதையெல்லாம் என்னிடம் ஃபெயில்.

பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டினவனே கொன்றுபோட்ட பெண், பேயாகி அவன் பின்னாலேயே வருகிறாள். கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையில் நின்று 'என் புருஷன் என்னோடு வாழ மாட்டேன் என்கிறார்' என்று அழுகிறாள். அந்தக் குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்று தாவுகிறது. அவன் இவள் பேய் பேய் என்று அலறுகிறான், ஒருவரும் நம்பவில்லை. உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்து இரண்டு பேரையும் ஒரே வீட்டில் விடுகிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அந்தக் குழந்தை தாவுகிற இடத்தை எத்தனை முறை படித்தாலும் முதுகில் சில்லென்று ஏறுகிறது. பழையனூருக்குப் பக்கத்தில்தான் திருவாலங்காடு. காரைக்காலம்மையார் பேயுருவில் போய்ச் சேர்ந்த ஊர் அது. அவர் கதையிலும் மிரண்டு ஓடி, பாண்டிநாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்ட புருஷன் ஒருவன் உண்டு. ஒரே வட்டாரத்தில் இரண்டு மனைவிகள், இரண்டு பேயுரு. ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும், அரக்கோணம் வரை ரயில் இருக்கிறது.

அப்புறம் கலிங்கத்துப்பரணி. பாடப்புத்தகத்தில் போர் இலக்கியம் என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். கடவுள் வாழ்த்து முடிந்ததும் வருகிற கடைதிறப்பு முழுக்க ஊடலில் கதவைச் சாத்திக்கொண்ட பெண்களிடம் கதவைத் திறங்கள் என்று கெஞ்சுவதுதான். அவ்வளவு சிருங்காரம். அதை முடித்துவிட்டு நேராகக் காட்டுக்கும் காளி கோயிலுக்கும் பேய்களுக்கும் போகிறார் ஜெயங்கொண்டார். நொண்டிப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கூன் பேய் என்று ஒவ்வொன்றாக அறிமுகம். பசி தாங்கவில்லை என்று பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன, கடைசியில் போர்க்களத்திலேயே கூழ் காய்ச்சிப் பந்தி வைக்கின்றன. காதலும் பேயும் ஒரே புத்தகத்தில் வேண்டும் என்று நாம் கேட்பதை முதலாம் குலோத்துங்கன் காலத்திலேயே ஒருவர் செய்து முடித்திருக்கிறார். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1998இல் தொடங்கியதிலிருந்து அந்தத் தன்னார்வலர்கள் செய்கிற வேலைக்குக் கோயில் கட்டலாம்.

அங்கேயே கல்கியின் மோகினித் தீவும் படித்தேன். பர்மாவிலிருந்து தப்பி வருகிற கப்பல் ஒரு தீவோரம் ஒதுங்குகிறது, நிலா வெளிச்சத்தில் ஒரு ஜோடி பழைய சோழ பாண்டியக் காதல் கதையைச் சொல்கிறது. ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்கே புகுந்து திருத்த, செல்லச் சண்டையோடு கதை நகர்கிறது. பயம் துளியும் கிடையாது. ஆனால் இந்த இரண்டு பேரும் யார் என்ற கேள்வி கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே போகிறது. பர்மா என்றதும் என் ரங்கூன்காரன் ஞாபகம் வேறு. நேர் எதிர்ப்பக்கம் காஞ்சனை. புதுமைப்பித்தன் அதில் இன்ஸ்பெக்டரையும் கூப்பிடவில்லை, பேய்தான் என்று சத்தியமும் செய்யவில்லை. எழுத்தாளக் கணவன் நடுங்குகிறான், மனைவியோ பேயோ என்று சந்தேகப்படும்படி வீட்டுக்கு வந்தவளோடு சகஜமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். படித்த ராத்திரி வீட்டில் எந்த வாசனை வந்தாலும் எழுந்து உட்கார்ந்தேன்.

என் தொடர்கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் அந்தப் பத்திரிகையை விடாமல் வாங்கியவர் சித்தி. போன் போட்டுக் கேட்டேன்.

"ஊஞ்சல் கதையா? படிச்சிருக்கேன் கண்ணு. கடைசில அந்த ஆச்சி ஊஞ்சலோட எரிஞ்சு போயிருவா."

"சித்தி, முடிவைச் சொல்லாதீங்கன்னுதானே முதல்லயே சொன்னேன்!"

"அட இரு. எரிஞ்சது அரமனைப் பல்லக்குல்ல? அது வேற கதையாட்ட இருக்குது."

ஆக, அந்தச் சாட்சி செல்லாது. என் கட்சி என்னவென்றால், புருஷன் மறுபிறவி இல்லை, ரங்கூனிலிருந்து ஒரு கடிதமோ பெட்டியோ வரும், அதைப் படித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் ஆச்சி அந்தப் பெண்ணோடு பழகினாள். முப்பதாவது பக்கத்தில் ஒரு தபால்காரன் காரணமே இல்லாமல் வந்துபோகிறான், அவன் மேல்தான் என் பணத்தைக் கட்டியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் வந்தால் வால்யூமைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கடைக்காரரிடம் அந்த வருஷத்து உதிரி இதழ்களைக் கேட்டு வைத்திருக்கிறேன். உதிரி யாரும் வைப்பதில்லை, எடைக்குப் போய்விடும் என்கிறார். இன்னொரு வியாபாரியிடம் முழு வருஷ பைண்டு இருக்கிறதாம், ஆனால் தனியாகத் தர மாட்டாராம், சாக்கோடு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், சொல்கிற விலையில் ஒரு மிக்ஸி வாங்கலாம். அந்தச் சாக்கில் கல்யாணமான சூட்டில் சண்டை போடுகிற ரகக் காதல் நாவல்களும் நிறைய இருப்பதாகச் சொன்னார். அதனால்தான் யோசிக்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றிருப்பேன்.

அதற்குள் 1872இல் வந்த கார்மில்லா என்ற ரத்தக்காட்டேரிக் கதையை ஆரம்பித்தாயிற்று. டிராகுலாவுக்கு இருபத்தைந்து வருஷம் முந்தியது, ரத்தம் குடிப்பவளும் பெண், அவள் உருகுவதும் ஒரு பெண்ணிடம். இங்கேயும் ஏக்கமெல்லாம் பேயிடம்தான், ஆக நம் பக்கத்துக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை போலிருக்கிறது. அது முடிந்ததும் நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலி வில்லுப்பாட்டுக்குப் போக வேண்டும். அங்கே நீலியைத்தான் இசக்கி என்று கும்பிடுகிறார்கள், அவளுக்குக் கையில் குழந்தையோடு கோயிலே இருக்கிறது, முப்பந்தலில் பார்த்திருப்பீர்கள். சாக்கு வியாபாரி ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.