வீட்லயே ஜெல் நெயில் பாலிஷ்: பாலிஷ விட நகத்த ரெடி பண்றதுதான் பெரிய வேலை

ஜெல் பாலிஷ் சாதா பாலிஷ் மாதிரி தானா காயாது, லேம்ப் வெளிச்சத்துல வெச்சாதான் கெட்டியாகும். பார்லர்ல ஒரு தடவ ஜெல் போட கேக்கற காசுக்கு அந்த லேம்ப்பே வாங்கிடலாம்னு கணக்கு போட்டு, 48 வாட் எல்ஈடி லேம்ப், பேஸ் கோட், டாப் கோட், மெரூன் கலர் ஒன்னுனு ஆன்லைன்ல எடுத்தேன். அத்தை பொண்ணு கல்யாணம், சாதா பாலிஷ்னா ஒரு நாள் வேலைக்கே முனை உரிஞ்சுடும், ஜெல் ஒழுங்கா போட்டா ரெண்டு வாரம் நிக்கும்.

வாங்கறப்பவே பாட்டில் பின்னாடி படிங்க. ஹெமானு (HEMA) ஒரு கெமிக்கல், அது காயாம தோல்ல பட்டுட்டே இருந்தா அலர்ஜி வரலாம், வந்தா அவ்ளோ சீக்கிரம் போகாது, பல் அடைக்கிற சாமான்லகூட அதே வகை கெமிக்கல் இருக்கறதால டென்டிஸ்ட்கிட்டயும் போய் சொல்ற மாதிரி ஆயிடும். டிபிஓனு (TPO) இன்னொன்னு, வெளிச்சம் பட்டதும் ஜெல்ல கெட்டியாக்கறதுக்கு சேக்கறது, ஐரோப்பிய யூனியன்ல 2025 செப்டம்பர் 1லேர்ந்து அதுக்கு தடை. ரெண்டும் இல்லாததா தேடி எடுத்தேன், விலை கொஞ்சம் ஜாஸ்திதான்.

அடுத்து நகம். வெந்நீர்ல கை ஊறப்போடற வேலையே வேணாம், நகம் தண்ணிய குடிச்சு உப்பி அப்புறம் காயும்போது மேல இருக்கற ஜெல் கிளம்பிடும். காஞ்ச நகத்துலயே க்யூட்டிக்கிள, அதாவது நகத்தோட அடியில இருக்கற தோல் ஓரத்த, பின்னாடி தள்ளி, நகத்து மேல கண்ணுக்கே தெரியாம ஒட்டியிருக்கும் பாருங்க ஒரு மெல்லிசு தோலு, அத சுரண்டி எடுக்கணும், எனக்கு பாதி நேரம் இதுக்கே போச்சு. பஃபர்ல (நகம் தேய்க்கற சொரசொரப்பான கட்டை) பளபளப்பு போற அளவு லேசா தேச்சு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, அதுக்கப்புறம் எண்ணெய் வெச்ச தலையில கை வெக்கக்கூடாது!

பேஸ் கோட் ரொம்ப மெல்லிசா, நகத்து முனையோட விளிம்புலயும் ஒரு இழு. தோல்ல பட்டுச்சுன்னா லேம்ப்ல வெக்கறதுக்கு முன்னாடியே குச்சியால வழிச்சிடணும். என் லேம்ப்புக்கு 60 செகண்ட். கட்டைவிரல் சாஞ்சு நிக்கறதால வெளிச்சம் சரியா படாது, அத தனியா வெச்சேன்.

கலர் மொத கோட்டு திட்டு திட்டா அசிங்கமாதான் இருக்கும், விடுங்க, ரெண்டாவதுல மூடிடும். ஒரே கோட்டா தடிமனா போட்டா மேல காஞ்சு உள்ள பச்சையாவே இருக்கும், டார்க் கலர்ல இன்னும் மோசம், வெளிச்சம் உள்ள இறங்காது. லேம்ப்ல சுருக்குனு சுடும், ஜெல் கெட்டியாகறப்ப வர்ற சூடு அது, கைய எடுத்துட்டு மறுபடி வெச்சா போதும். அம்மா எட்டிப் பாத்துட்டு "என்னடி, அடுப்புல கைய காட்டற மாதிரி காட்டற, மருதாணி அரைச்சிருந்தா இந்நேரம் செவந்திருக்கும்"னாங்க. இதுல கொஞ்சம் விஷயம் இருக்கு, எல்ஈடினு சொன்னாலும் வர்றதுல தோலுக்கு ஆகாத யூவி கதிர் உண்டு, அதனால விரல்நுனி வெட்டின பழைய க்ளவுஸ் மாட்டிட்டுதான் வெச்சேன்.

டாப் கோட் முடிஞ்சும் பிசுபிசுன்னு இருந்தா பயப்படாதீங்க, காத்துல இருக்கற ஆக்ஸிஜன் மேல் லேயர காய விடாது, ஆல்கஹால்ல துடைச்சா மின்னும். இடது கையால வலது கைக்கு போடறதுதான் கொடுமை, முழங்கைய டேபிள்ல ஊனிக்கோங்க. பாட்டில ஜன்னலோரம் வெக்காதீங்க, வெயில்லயே உள்ள கெட்டியாயிடும்.

எடுக்கறப்ப பிச்சு இழுக்காதீங்க, நகத்தோட லேயரும் சேந்து வரும். மேல் பளபளப்ப ராவிட்டு, அசிட்டோன் நனைச்ச பஞ்சு வெச்சு, அலுமினியம் ஃபாயில் சுத்தி 10, 15 நிமிஷம் விட்டா தானா தூக்கிக் குடுக்கும். ஃபேன் போட்டு ஜன்னலத் தொறந்து வெச்சுக்கோங்க, அசிட்டோன் டக்குனு தீப்பிடிக்கும், கேஸ் அடுப்பு, சாமி விளக்கு பக்கம் இந்த வேலை வேணவே வேணாம்.