ஒன்றுவிட்ட வரிகள்

மார்ச் 4

அர்ஜென்டின எழுத்தாளர் ஹூலியோ கோர்த்தஸாரின் ‘ஹாப்ஸ்காட்ச்’ நாவலில் (1963) 34ஆம் அத்தியாயத்துக்கு வந்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போனால் வாக்கியம் ஒட்டவில்லை. மூன்றாம் முறை படிக்கையில்தான் பிடிபட்டது: ஒற்றைப்படை வரிகள் ஸ்பானிய நாவலாசிரியர் கால்டோஸ் எழுதிய பழைய நாவல், இரட்டைப்படை வரிகள், பிரிந்துபோன காதலி லா மாகா விட்டுச்சென்ற அந்த நாவலைப் புரட்டியபடி அவளுடைய ரசனையை ஏளனம் செய்யும் கதைநாயகன் ஒலிவெய்ராவின் மனவோட்டம்.

மார்ச் 5

ஓர் அட்டையால் ஒன்றுவிட்டு ஒரு வரியாக மறைத்து, இரண்டையும் தனித்தனியே படித்தேன். எல்லாம் தெளிவாகப் புரிந்தது. ஆனால் அத்தியாயம் உயிரற்றுப் போயிற்று. அட்டையை எடுத்துவிட்டு அச்சிட்டபடியே மறுபடி படித்தபோது, கண் ஒரு கதையிலும் மனம் பிரிந்துபோனவளிடத்திலுமாக அலைக்கழியும் அவனுடைய நிலை எனக்கே வந்துவிட்டது. அதை மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன், எரிச்சல்தான். ஆயினும் வரிகளை நேராக்கியிருந்தால் அந்த எரிச்சல் எனக்குக் கிடைத்திருக்காது.

மார்ச் 9

“பிடிக்காததை ஏன் வருத்திக்கொண்டு படிக்கிறாய்?” என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்வி, இரண்டு நாட்களாக அது என்னை விடவில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை (மகிழ்ச்சி) என எட்டாக எண்ணுகிறது. உவகை அவற்றில் ஒன்று மட்டுமே. மருட்கையும் வெகுளியும் தருகிற ஒரு புத்தகத்தை, உவகை தரவில்லை என்பதற்காக மட்டும் தோற்றது என்று எப்படிச் சொல்வது?

அதற்காகக் கடினமானதெல்லாம் உயர்ந்தது என்று ஒப்புக்கொள்ளவும் என்னால் முடியாது. நிறுத்தற்குறியே இல்லாத ஒரு நாவலைச் சென்ற ஆண்டு பாதியில் மூடினேன். குறிகளை நானே இட்டுப் பார்த்தேன், எதுவும் குறையவில்லை. அங்கே சிரமம் வெறும் சிரமமாகவே இருந்தது.

மார்ச் 21

56ஆம் அத்தியாயத்தை முடித்தேன். இதற்கு மேல் உள்ளவற்றை உறுத்தலின்றி விட்டுவிடலாம் என்று ஆசிரியரே முன்குறிப்பில் அனுமதி தந்திருக்கிறார். விடவில்லை. அத்தியாயங்களை முன்னும் பின்னும் தாவிப் படிக்க அவர் காட்டும் இரண்டாம் வழியில் 73ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். அந்த வழியின் முடிவில் 131 என்னை 58க்கு அனுப்பும், 58 திரும்ப 131க்கே அனுப்பும் என்பது இப்போதே தெரியும். 34ஆம் அத்தியாயம் மீண்டும் வரும். இந்த முறை அட்டை வேண்டாம்.