நாயை விமானத்தில் ஏற்றும் முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல விலங்குக் காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. வடகிழக்கிலோ நாய்கள் குறைவு, தத்தெடுக்கக் காத்திருப்பவர்கள் அதிகம். நடுவில் உள்ள தூரத்தைச் சொந்தச் செலவில் பறந்து கடப்பவர்கள்தான் தன்னார்வ விமானிகள். இப்படி நாய்களைக் கொண்டுசேர்க்கும் விமானிகளைக் காப்பகங்களோடு இணைக்கும் பைலட்ஸ் என் பாஸ் அமைப்பு 2008-ல் தென் கரோலினாவில் உருவானதே, ஃபுளோரிடாவில் இருந்த ஒரு டாபர்மேன் நாயை எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வியில்தான். புதிதாக இதில் இறங்கும் விமானிகள் வானத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். காரியம் கெடுவது பெரும்பாலும் தரையில்.

முதலில் எடை. நான்கு பேர் உட்காரும் சிறு விமானமான செஸ்னா 172-ன் புதிய மாடல்களில், எரிபொருளும் ஆட்களும் சேர்த்து ஏற்றக்கூடியது ஏறத்தாழ 850 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் விமானத்தின் எண் அதன் ஆவணத்தில் இருக்கும், அதையே எடுங்கள்). டேங்க் நிறைய 53 கேலன் ஊற்றினால், கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 318 போய்விடும். இரண்டு பேருக்கு 350. மிச்சம் 182. கூண்டோடு இரண்டு லாப்ரடார் வைத்தாலே அது தீர்ந்துவிடும். 250 கடல் மைல் போக 30 கேலன் போதும். அவசரத்துக்கான கையிருப்பு எரிபொருளும் அதற்குள் அடங்கும். அப்போது மிச்சம் 320. அதனால்தான் நீண்ட பயணத்தை இரண்டு மூன்று விமானிகள் பிரித்துக்கொள்கிறார்கள். காப்பகம் சொல்லும் எடையை மட்டும் நம்பாதீர்கள், கால்நடை மருத்துவமனையில் எடுத்த எடையைக் கேளுங்கள்.

கூண்டை சீட் பெல்ட்டோ சரக்குப் பட்டையோ போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். விமானம் மேலெழும்பும் நேரத்தில் அவிழ்த்துவிட்ட பெரிய நாய் அதன் வால் பக்கம் ஓடினால், எடை மையம் பின்னால் நகர்ந்து விமானத்தின் மூக்கு தூக்கிக்கொள்ளும். நாய் முன்னால் வந்து பெடலுக்கடியில் படுத்துக்கொண்டாலும் ஆபத்துதான்.

வெப்பத்தில் அலட்சியம் கூடவே கூடாது. ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால் மேலே போனால் தானாகக் குளிரும். வெயிலில் நிற்கும் கேபினோ சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். ஆகவே எரிபொருள், கட்டணம், வானிலை எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில்தான் நாயை ஏற்ற வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுத் திணறல் எளிதில் வரும். வெயில் நாளில் அவற்றுக்கு மறுத்துவிடுவதே அன்பு. தூக்க மருந்து கொடுத்து அனுப்ப யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூச்சும் ரத்த அழுத்தமும் இறங்கினால் ஆறாயிரம் அடியில் கவனிக்க ஆள் இல்லை. எஞ்சின் சத்தத்தில் பெரும்பாலான நாய்கள் தாமாகவே தூங்கிவிடுகின்றன. பயணத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டால் வாந்தி குறையும்.

நாய் தப்பி ஓடுவது கைமாற்றும்போதுதான். பயந்த நாய் பின்வாங்கித் தலையை உருவினால் கழுத்துப்பட்டை காதைத் தாண்டி வந்துவிடும், ஒரு நொடிதான். மார்புப் பட்டையில் ஒரு கயிறு, கழுத்தில் தனியாக ஒரு சுருக்குக் கயிறு, இரண்டும் இரண்டு பேர் கையில் இருக்கட்டும். புரொப்பெல்லர் முழுவதும் நின்று, சாவியும் கையில் வந்த பிறகே கதவு திறக்கலாம்.

காகிதங்களில் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும், மாநிலம் கடக்கத் தேவையான மருத்துவப் பரிசோதனைச் சான்றும் முக்கியம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், போய்ச் சேரும் மாநிலத்தின் விதியைப் பாருங்கள். தனியார் விமானி உரிமம் மட்டும் உள்ளவர் இதற்குக் கூலி வாங்கக் கூடாது. பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்காகப் பறந்தால், எரிபொருள் செலவை வரியில் நன்கொடையாகக் காட்ட வழி உண்டு.

குட்டிகள் என்றால், அவற்றின் உயிரையே பறிக்கக்கூடிய தொற்றான பார்வோ வைரஸ் பயம். தடுப்பூசி முடியாதவற்றை விமான நிலையப் புல்லில் இறக்கவே வேண்டாம். கூண்டிலேயே உறிஞ்சும் விரிப்பு போட்டுவிடுங்கள். பிளீச் இந்த வைரஸைக் கொல்லும், ஆனால் அலுமினியத்தை அரிக்கும். எனவே பிளீச் தண்ணீரைக் கூண்டுக்கு மட்டும், அதுவும் விமானத்துக்கு வெளியே வைத்துப் பயன்படுத்துங்கள். உள்ளே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்டுவிட்டால், பயணம் முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடலாம்.